போக்கர் டோர்னமென்டில் பெரிய கை வந்தால் எப்போது பதுங்குவது?

மண்டோவி_சீட்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பதுங்குவது என்று நான் சொல்வது, வலுவான சீட்டை வைத்துக்கொண்டு பெட் வைக்காமல் மறைப்பதை. மூன்று நாளாக நான் ஆடிய ஒரு கை என் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. உங்களிடம் கேட்டால்தான் தெளியும்.

2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுத் தடைச் சட்டம் வந்தபிறகு நான் கோவா போய் மட்டும்தான் ஆடுகிறேன். மண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில், வருடத்துக்கு இரண்டு முறை, அதிகம் போனால் மூன்று. அதனால் ஒவ்வொரு டோர்னமென்டும் எனக்குப் பெரிது.

பிளைண்ட் (இரண்டு இருக்கைகள் முன்கூட்டியே போடும் கட்டாயப் பந்தயம்) 1,000/2,000. பெரிய பிளைண்ட் போடும் பிக் பிளைண்ட் இருக்கைக்காரர் எல்லாருக்குமாகப் போடும் ஆன்ட்டி 2,000. என்னிடம் 84,000 சிப்ஸ். நடு இருக்கையில் எனக்குக் கிங் ஜோடி. 4,500க்கு ரெய்ஸ் செய்தேன் (பந்தயத்தை உயர்த்தினேன்). பட்டன் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இருக்கை) கால், அதாவது அதே தொகை போட்டுத் தொடர்ந்தார்; பிக் பிளைண்டும் கால். பாட், அதாவது நடுவில் சேர்ந்த சிப்ஸ், 16,500.

ஃப்ளாப் (எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு): ஹார்ட் கிங், ஹார்ட் ஒன்பது, கிளப் எட்டு.

மூன்று கிங். கை லேசாக நடுங்கியது, அதை மறைக்க உள்ளங்கையை மேசையின் பச்சைத் துணிமேல் அழுத்தி வைத்துக்கொண்டேன். பிக் பிளைண்ட் செக் (பந்தயம் வைக்காமல் விட்டார்). நானும் செக். பெட் வைத்தால் இரண்டு பேரும் ஓடிவிடுவார்கள், ஒரு சீட்டு பார்க்கட்டும், ஏதாவது பிடித்தால் எனக்குக் காசு என்று நினைத்தேன். பட்டனும் செக்.

டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) ஹார்ட் இரண்டு. பிக் பிளைண்ட் 9,000 வைத்தார். நான் கால், பட்டன் ஃபோல்ட் (விலகிவிட்டார்). ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) ஸ்பேட் நான்கு. அவர் 24,000 வைத்தார். நெடுநேரம் யோசித்துக் கால் செய்தேன். அவர் காட்டியது ஹார்ட் ஆறு, ஹார்ட் ஐந்து. ஃப்ளஷ், அதாவது ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு; மூன்று கிங்கை வெல்லும்.

84,000 இருந்த இடத்தில் 46,500. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். இந்த ஃப்ளாப்பில் பதுங்கியது தவறா? தவறென்றால், பதுங்கவேண்டிய இடம் எது? யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

—

நீலச்சிப்பு எழுதியது:

இரண்டு ஹார்ட், பக்கத்துப் பக்கத்தில் ஒன்பது எட்டு. இந்த போர்டில் (பொதுச் சீட்டுகளில்) செக் செய்யவே கூடாது ப்ரோ. பெட் வைத்திருந்தால் அவர் போயிருப்பார்.

—

கணக்கு_வாத்தியார் எழுதியது:

நீலச்சிப்பு சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி சரியில்லை. பெட் வைத்திருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார். ஆறு ஐந்து ஹார்ட் கையில் இருந்தால், இந்த ஃப்ளாப்பில் யாரும் சீட்டைக் கீழே போடுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். மீதி இருக்கும் ஹார்ட் சீட்டுகள் மொத்தம் 9. அதில் ஹார்ட் எட்டு வந்தால் போர்டு ஜோடியாகி உங்களுக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒன்று, ஜோடி ஒன்று), அது ஃப்ளஷை வெல்லும். ஆக அவருக்குச் சுத்தமாக உதவும் ஹார்ட் சீட்டுகள் 8. ஏழு வந்தால் அவருக்கு ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு). ஹார்ட் ஏழை ஏற்கெனவே எண்ணிவிட்டோம், மீதி மூன்று ஏழு. மொத்தம் 11. உங்கள் இரண்டு, அவர் இரண்டு, ஃப்ளாப் மூன்று போக மிச்சம் 45 சீட்டு. 45ல் 11, கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. நீங்கள் 11,000 வைத்து அவர் கால் செய்திருந்தால், டர்னில் அதே ஹார்ட் இரண்டு வந்திருக்கும், இன்னும் பெரிய பாட்டைத் தோற்றிருப்பீர்கள்.

அதனால் தோற்றதை வைத்து அந்தச் செக்கை எடைபோடாதீர்கள். நீங்கள் இழந்தது வேறு. இந்த ஃப்ளாப்பில் காசு கொடுக்கக்கூடிய கைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்: இன்னொரு சீட்டுக்காகக் காத்திருக்கும் ஃப்ளஷ் ட்ராக்கள் எல்லாம், ஜாக் பத்து, பத்து ஒன்பது, ஒன்பது எட்டு இரண்டு ஜோடி, பிடிவாதமான ஒன்பது. இவர்கள் அத்தனை பேரும் ஃப்ளாப்பில் கால் செய்வார்கள். டர்னில் மூன்றாவது ஹார்ட் விழுந்தால், ஹார்ட் இல்லாதவர்கள் எல்லாரும் கையை மூடிவிடுவார்கள். உங்களை வென்றவர் மட்டும் நிற்பார். வாங்கவேண்டிய நேரத்தில் வாங்கவில்லை, கொடுக்கவேண்டிய நேரத்தில் கொடுத்தீர்கள். அதுதான் நஷ்டம்.

இன்னொன்று. புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள். பாய்வதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். உங்களிடம் மிச்சம் 79,500, பாட் 16,500. ஐந்து மடங்குக்குச் சற்றே குறைவு. ஒருவர் மட்டும் கூட வருகிறார் என்று வைத்து, பாட்டில் பாதி வீதம் ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் பெட் வைத்தால் பாட் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும்: 33,000, 66,000, 1,32,000. எதிராளியிடமிருந்து வருவது 57,750. ஃப்ளாப்பை விட்டுவிட்டு டர்னும் ரிவரும் மட்டும் வைத்தால் வருவது 24,750. நீங்கள் விட்டது 8,250 மட்டும் என்று தோன்றும். உண்மையில் விட்டது 33,000. முதல் பெட் சின்னது, ஆனால் பின்னால் வரும் இரண்டும் அதன் தோள்மேல்தான் ஏறி நிற்கின்றன.

ஸ்டாக் (கையிலுள்ள சிப்ஸ்) ஆழமாக இருந்தால் பெரிய கையோடு பதுங்குவது பெரும்பாலும் தவறு என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆபத்தான சீட்டு வரும் என்ற பயம் அதற்கு அடுத்தபடிதான்.

—

மண்டோவி_சீட்டு எழுதியது:

வாத்தியார் சார், கும்பிடுகிறேன். 33,000 கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஹார்ட் இரண்டைத்தான் மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

—

ஸ்பேட்_ராணி எழுதியது:

வாத்தியார் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் 'இனி எப்போதும் பெட்தான்' என்று முடிவு செய்துவிடக் கூடாது. டோர்னமென்டின் பாதி நேரம் நம் ஸ்டாக் ஆழமாக இருப்பதே இல்லையே. பிளைண்ட் ஏற ஏற எல்லாரிடமும் 20 பிளைண்ட், 15 பிளைண்ட் (பிக் பிளைண்டைப் போல அத்தனை மடங்கு சிப்ஸ்) என்று வந்துவிடும். அங்கே கதை தலைகீழ்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிளைண்ட் 2,000/4,000, ஆன்ட்டி 4,000. ஆன்ட்டி போக என்னிடம் 72,000, அதாவது 18 பிளைண்ட். பிக் பிளைண்டில் எனக்கு ஏஸ் ஜோடி. பட்டனில் இருந்தவரை ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஃபோல்ட் செய்து அவரிடம் வந்தால் ஒரு முறைகூட விட்டதில்லை, ரெய்ஸ்தான். ஃப்ளாப்பில் செக் செய்தால் பெட்தான். அன்றும் 9,000 வைத்தார்.

ஆல்-இன் (இருக்கும் எல்லாச் சிப்ஸையும்) போட்டிருந்தால் அவர் பெரும்பாலும் ஃபோல்ட். கிடைப்பது அவருடைய 9,000ம் நடுவில் கிடக்கும் பிளைண்டும் ஆன்ட்டியும்தான். நான் கால் மட்டும் செய்தேன். பாட் 24,000, என்னிடம் மிச்சம் 63,000. இரண்டரை மடங்குதான். இந்த அளவில் இரண்டே பெட்டில் எல்லாம் உள்ளே போய்விடும், மூன்று தேவையில்லை. ஒரு சுற்றை விட்டுக்கொடுத்தாலும் நஷ்டமில்லை என்பது இங்கேதான்.

ஃப்ளாப் டைமண்ட் குயின், ஸ்பேட் ஏழு, கிளப் இரண்டு. மூன்றும் வேறு வேறு ஜாதி, ஒன்றோடு ஒன்று ஒட்டாத சீட்டுகள். நான் செக், அவர் 8,000, நான் கால். டர்ன் ஹார்ட் ஐந்து. செக். அவர் 20,000 வைத்தார். இப்போது மிச்சம் 55,000த்தையும் தள்ளினேன். அவர் இன்னும் 35,000 போடவேண்டும், பாட்டில் 1,15,000 கிடக்கிறது. குயின் ஜாக் வைத்திருந்தார், விட முடியவில்லை. ரிவர் மூன்று.

நான் பதுங்கியது ஏஸ் ஜோடி என்ற ஒரே காரணத்துக்காக அல்ல. எனக்காகப் பெட் வைக்க ஒருவர் இருந்தார், ஒரே ஒருவர்தான் எதிரில், போர்டு காய்ந்து கிடந்தது, ஸ்டாக் குட்டையாக இருந்தது. இந்த நான்கில் ஒன்று இல்லையென்றால் முன்கூட்டியே ஆல்-இன் போட்டிருப்பேன்.

அந்த 'ஒரே ஒருவர்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏஸ் ஜோடியை முதல் இருக்கையில் வைத்துக்கொண்டு வெறும் கால் செய்து, பின்னால் யாராவது ரெய்ஸ் செய்வார்கள் என்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் ரெய்ஸ் செய்யாமல் நான்கு பேர் கால் செய்து வந்து உட்காருவார்கள். ஏதோ ஒரு கையோடு இருக்கும் ஒருவருக்கு எதிராக ஏஸ் ஜோடி வெல்வது 100க்கு 85 முறை. நான்கு பேர் எதிரில் இருந்தால் 56. அதே சீட்டுதான், நாமே அதைப் பாதிக் கையாக்கி வைத்துக்கொள்கிறோம்.

—

நீலச்சிப்பு எழுதியது:

அக்கா, டர்னில் ஐந்துக்குப் பதிலாக கிங் விழுந்திருந்தால்?

—

ஸ்பேட்_ராணி எழுதியது:

அப்போதும் செக், அவர் வைத்தால் ஆல்-இன் தம்பி. 18 பிளைண்டில் ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு வருகிற ஒவ்வொரு சீட்டுக்கும் பயந்தால் பதுங்கவே கூடாது. கால் செய்யும் நொடியிலேயே அந்த முடிவை எடுத்துவிட வேண்டும். பாதி வழியில் மனம் மாறுகிறவர்களுக்கு இந்த ஆட்டம் சரிவராது.

—

ஸ்கார்பரோ_தமிழன் எழுதியது:

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே சனிக்கிழமை டோர்னமென்டில் பெரும்பாலானோர் பதுங்கக் கற்றுக்கொண்டது ஜானி சான் ஆடிய ஒரு கையைப் பார்த்துத்தான். 1988, லாஸ் வேகாஸ், போக்கர் உலகத் தொடரின் (WSOP) மெயின் ஈவென்ட். கடைசியில் மிஞ்சியது சானும் எரிக் ஸைடெலும். முந்தைய வருடமும் சான்தான் சாம்பியன். சானிடம் ஜாக் ஒன்பது, ஸைடெலிடம் குயின் ஏழு. ஃப்ளாப்பில் குயின், எட்டு, பத்து. சானுக்கு ஸ்ட்ரெய்ட், அந்த போர்டில் அதற்கு மேல் கையே கிடையாது. ஸைடெலுக்கு டாப் ஜோடி (போர்டின் பெரிய சீட்டோடு ஜோடி). டர்னில் இருவரும் செக். ரிவரில் சான் மறுபடி செக் செய்ய, ஸைடெல் ஆல்-இன் போட்டார். அதோடு முடிந்தது. (அன்று தோற்ற ஸைடெல் பிறகு உலகத் தொடரில் 10 பிரேஸ்லெட் (போட்டியில் வென்றவருக்குத் தரும் கைச்சங்கிலி) வென்றவர். ஒரு கை ஒருவரை முடித்துவிடுவதில்லை.)

அந்தக் கையைப் பார்க்கிறவர்கள் கவனிக்காத விஷயம், போர்டு காய்ந்து கிடக்காவிட்டாலும், அங்கே ராணி அக்கா சொன்ன நிபந்தனை பெரும்பாலும் இருந்தது என்பதுதான். எதிரில் ஒரே ஆள். அவருக்கு டாப் ஜோடி, ஒதுங்கிப்போகிற கை இல்லை. சிப்ஸும் சானிடம்தான் அதிகம்.

2003ல் கிறிஸ் மணிமேக்கர் சாமி ஃபர்ஹாவை வென்ற கடைசிக் கையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மணிமேக்கரிடம் ஐந்து நான்கு, ஃபர்ஹாவிடம் ஜாக் பத்து. ஃப்ளாப் ஜாக், ஐந்து, நான்கு. மணிமேக்கருக்கு இரண்டு ஜோடி. செக் செய்தார், ஆனால் ஃபர்ஹா பெட் வைத்ததும் கால் செய்து பதுங்கவில்லை, அங்கேயே ரெய்ஸ் செய்தார். ஃபர்ஹா ஆல்-இன், முடிந்தது. கீழ் இரண்டு ஜோடி என்பது உடையக்கூடிய கை. ஒரு ஜாக், ஒரு பத்து, போர்டு இன்னொரு ஜோடியாவது என்று எது வந்தாலும் கெடும். சானின் கையைப் போல அதை இரண்டு சுற்றுக்குச் சும்மா விட்டுவைக்க முடியாது. இருவரும் செக்கில்தான் தொடங்கினார்கள், ஆனால் இரண்டும் வேறு ஆட்டம்.

எங்கள் கிளப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு, இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு சான் போல ஆடுவது.

—

கடைசி_இருக்கை எழுதியது:

எல்லாரும் சிப்ஸ் கணக்கு பேசுகிறீர்கள். டோர்னமென்ட் என்றால் பரிசுப் பணக் கணக்கும் உண்டு. பப்புள் நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

இன்னும் இரண்டு பேர் வெளியேறினால் எல்லாருக்கும் பணம் என்ற நிலை. அப்போது நடு ஸ்டாக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் செக் செய்து பெட் வரும் என்று காத்திருந்தால் வராது. நல்ல ஜோடி வைத்திருந்தால்கூட திருப்பிச் செக் செய்வார்கள். அவர்களிடமிருந்து ஏதாவது வாங்கவேண்டுமென்றால் நாமே சின்னதாக வைத்துத்தான் வாங்கவேண்டும், பாட்டில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று.

பெரிய ஸ்டாக்காரர் வேறு மனிதர். எல்லாரும் பயந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் எந்த இரண்டு சீட்டோடும் தள்ளுவார். பதுங்குவதென்றால் அவரிடம்தான் பதுங்கவேண்டும். ஆனால் நம்மை வெளியேற்றக்கூடியவரும் அவர் ஒருவர்தான். இழக்கும் சிப்ஸின் மதிப்பு வெல்லும் சிப்ஸின் மதிப்பைவிட அதிகம் என்பது டோர்னமென்டில் பெரும்பாலும் உண்மை, பப்புளில் மிக மிக உண்மை. அதனால் அவருக்கு எதிராக உண்மையிலேயே உடையாத கை வேண்டும். டாப் ஜோடி போதாது.

பெரிய டோர்னமென்டுக்கான இடத்தைப் பரிசாகத் தரும் சாட்டிலைட்டில் இது உச்சத்துக்குப் போகும். முதல் 10 பேருக்கும் ஆளுக்கு ஒரே அளவு பரிசு, 11 பேர் மிச்சம், நீங்கள் சிப்ஸில் இரண்டாமிடம், முதலிடத்துக்காரர் உங்களுக்கு முன் ஆல்-இன் போடுகிறார். கையில் ஏஸ் ஜோடி இருந்தாலும் ஃபோல்ட்தான். இன்னும் சேர்த்து உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. என் கூட ஆடிய நண்பர் ஒருவர் அந்த நிலைமையில் ஏஸ் ஜோடியை அழகாக மறைத்து, பொறி வைத்து, மொத்தமாகத் தோற்று எழுந்தார். அதோடு 10 பேர் மிஞ்ச, மற்ற எல்லாரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

—

மண்டோவி_சீட்டு எழுதியது:

நிறையத் தெளிந்தது, எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. நான் அன்று செக் செய்ததற்கு ஒரு காரணம், கிங் மூன்றும் என்னிடமே இருந்தால் வேறு யாரிடம் கிங் இருக்கும், யார் காசு கொடுப்பார்கள் என்பது. அந்த யோசனையே தவறா?

—

கணக்கு_வாத்தியார் எழுதியது:

யோசனை ரொம்பச் சரி, போர்டுதான் தவறு.

ஃப்ளாப் கிங், ஏழு, இரண்டு, மூன்றும் வேறு ஜாதி என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் கிங் ஜோடி இருந்தால் கட்டில் மிச்சம் ஒரே ஒரு கிங். எதிராளி அதை வைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ட்ராவும் கிடையாது. கால் செய்ய அவரிடம் ஒன்றுமே இல்லை. இங்கே செக் செய்து, டர்னில் அவருக்கு ஒரு ஜோடி கிடைக்க விடலாம், அல்லது அவரே துணிந்து பெட் வைக்க இடம் கொடுக்கலாம். நான் செய்வேன்.

அதே ஃப்ளாப்பில் உங்களிடம் ஏழு ஜோடி என்றால்? இப்போது மூன்று கிங் வெளியே உலாவுகிறது. ஏஸ் கிங், கிங் குயின், கிங் ஜாக் எல்லாம் உங்களுக்குக் காசு கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கின்றன. இங்கே பெட் வைக்கவேண்டும். நிறைய பேர் இதை மாற்றிச் செய்கிறார்கள்: பெரிய செட்டை (கையில் ஜோடி, போர்டில் அதன் மூன்றாவது) வேகமாகவும் சின்ன செட்டை மறைத்தும். கேட்டால் 'சின்ன செட்டை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்' என்பார்கள். பெட் வைத்தாலும் எதிர்பார்க்க மாட்டார்கள்தான்.

உங்கள் கையில் கிங் அடைபட்டிருந்தது உண்மை. ஆனால் கிங் இல்லாமலேயே கால் செய்ய ஹார்ட்டும் ஸ்ட்ரெய்ட் ட்ராவும் நிறைய இருந்தன. அதனால் பெட். டர்னில் 9,000க்குக் கால் செய்ததில் எனக்குக் குறையில்லை, ஃபுல் ஹவுஸுக்கோ நான்கு கிங்குக்கோ உங்களுக்கு 10 சீட்டு இருந்தது. ரிவர் கால் பற்றி, அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் சொல்லமாட்டேன்.

—

மண்டோவி_சீட்டு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நேற்று இரவுதான் கோவாவிலிருந்து திரும்பினேன்.

பிளைண்ட் 500/1,000, ஆன்ட்டி 1,000, என்னிடம் 61,000. கட்ஆஃபில் (பட்டனுக்கு முந்தைய இருக்கையில்) ஒன்பது ஜோடி, 2,300க்கு ரெய்ஸ், பிக் பிளைண்ட் மட்டும் கால். பாட் 6,100. ஃப்ளாப் ஸ்பேட் குயின், டைமண்ட் ஒன்பது, ஸ்பேட் நான்கு. அவர் செக். இந்த முறை யோசிக்கவில்லை, 4,500 வைத்தேன். கால். டர்ன் கிளப் ஜாக். அவர் செக், நான் 13,000 வைத்தேன். அவர் தன் சீட்டை ஒரு முறை மடக்கிப் பார்த்தார், என் சிப்ஸைப் பார்த்தார், ஃபோல்ட். எறியும்போது ஒரு சீட்டு திரும்பிவிட்டது. குயின்.

பாட் கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் குயினைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. டர்னில் செக் செய்திருக்க வேண்டுமோ?

—

ஸ்பேட்_ராணி எழுதியது:

செக் வேண்டாம், பெட் சரி. அளவுதான் பெரிது. பாட் 15,100, நீங்கள் வைத்தது 13,000. ஜாக் வந்து போர்டு ஏற்கெனவே பயமுறுத்துகிறது, ஒரு குயினோடு இருப்பவர் அந்த விலைக்கு வரமாட்டார். 7,000 வைத்திருந்தால் வந்திருப்பார்.

—

கணக்கு_வாத்தியார் எழுதியது:

7,500. அப்போது ரிவரில் பாட் 30,100, உங்களிடம் 46,700 மிச்சம். ரிவர் சீட்டு என்ன என்று டீலரிடம் கேட்டீர்களா?

—

மண்டோவி_சீட்டு எழுதியது:

கேட்கவில்லை சார். கேட்டால் இன்னும் ஐந்து வாரம் தூக்கம் போயிருக்கும். அடுத்த முறை அரை பாட்.